மாசியும் இசையும்: ஜப்பானிய மேசையின் அறிவியல்

ஜப்பானியச் சாப்பாடு என்றால் கல்முனைப் பக்கத்தில் முதலில் வரும் கேள்வி, "பச்சை மீனை மனுஷன் தின்பானா?" என்பதுதான். அடுத்தது, "அது ஹலாலா?" மூன்றாவது கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஜப்பானிய உணவகத்தில் ஒருவர் மூலையில் உட்கார்ந்து வாத்தியம் வாசிக்கிறாரே, அதற்கும் தட்டில் இருப்பதற்கும் என்ன சம்பந்தம்? மூன்றுக்கும் அறிவியலில் பதில் உண்டு. யாரும் கேட்காத அந்த மூன்றாவதன் பதில்தான் அதிகம் வியக்கவைப்பது.

இலங்கையில் ஜப்பானிய உணவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது, கொழும்பு காலிமுகத்திடல் அருகே 1995 இல் தொடங்கிய நிஹோன்பாஷி. அதை நடத்துபவர் தர்ஷன் முனிதாச. தந்தை இலங்கையர், தாய் ஜப்பானியர். 2013 இல் ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் அது இடம்பெற்றது. கிரிக்கெட் வீரர்களான மகேல ஜயவர்தனவையும் குமார் சங்கக்காரவையும் சேர்த்துக்கொண்டு 2011 இல் பழைய டச்சு மருத்துவமனைக் கட்டடத்தில் அவர் தொடங்கிய நண்டு உணவகமும் பேர்போனது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: பொருள் இலங்கைக் கடலிலும் களப்பிலும் கிடைப்பது, கண்டிப்பு ஜப்பானுடையது.

அந்தப் பொருள் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் தினமும் கரையேறுகிறது. ஜப்பானியச் சுவையின் சூத்திரமும் நம் குசினிப் போத்தல் ஒன்றில் ஏற்கெனவே இருக்கிறது. முதலில் அந்தப் போத்தலைத் திறப்போம்.

மாசிக்குள் இருப்பது

ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்ற தெளிந்த சாறு. மிசோ சூப்பும் நூடில்ஸ் சாறும் தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்வதும் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. தாஷிக்கு வேண்டியவை இரண்டு: கொம்பு என்ற காய்ந்த கடற்பாசி, கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீன். கட்சுவோபுஷி செய்வது சூரை இனத்தில் ஒன்றான கட்சுவோனஸ் பெலாமிஸ் என்ற மீனில். நாம் சம்பலுக்கு இடிக்கும் மாசியும் அதே மீன்தான். செய்யும் விதமும் ஏறக்குறைய ஒன்றே. மீனை அறுத்து, அவித்து, முள்ளெடுத்து, புகையில் வாட்டி, கல்லைப்போல ஆகும்வரை காயவைப்பார்கள். உயர்ரகக் கட்சுவோபுஷிக்கு மட்டும் இன்னொரு படி உண்டு: மீனின் மேல் ஒருவகைப் பூஞ்சணத்தை வளரவிட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடியும் வளரவிடுவார்கள். எஞ்சிய ஈரத்தையும் கொழுப்பையும் பூஞ்சணம் குறைத்துவிடும்.

மாலைதீவில் காழியாக இருந்த இப்னு பதூதா இந்த மீனைப் பற்றி எழுதியிருக்கிறார். துண்டுபோட்டு அவித்து, ஓலைக் கூடையில் வைத்துப் புகையூட்டி, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் அனுப்பினார்களாம். அவர் அங்கிருந்து இலங்கைக்கு வந்தது 1344 இல். ஆக, நம் மாசிக்கு ஏறத்தாழ 700 வருட எழுத்துச் சாட்சி இருக்கிறது.

இந்தக் காய்ந்த மீனில் என்ன சுவை? உப்பு இல்லை, இனிப்பு இல்லை, புளிப்பும் கசப்பும் இல்லை. டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் இக்கேதா கிக்குனாயே 1908 இல் இதே கேள்வியைக் கொம்புப் பாசியிடம் கேட்டார். பாசிச் சாற்றை வற்றவைத்துப் பிரித்தபோது கையில் கிடைத்தது குளூட்டமிக் அமிலம். அதன் உப்பான குளூட்டமேற்றுக்கு மற்ற நான்கிலும் சேராத தனிச் சுவை இருப்பதாகச் சொல்லி, அதற்கு உமாமி என்று பெயரிட்டார். அடுத்த வருடமே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்துவிட்டது. அவருடைய மாணவர் கொதாமா ஷிந்தாரோ 1913 இல் கட்சுவோபுஷியை ஆராய்ந்து, அதன் சுவைக்குக் காரணம் வேறொரு பொருள் என்று கண்டார்: இனோசினேற். 1957 இல் குனினாக்கா அகிரா, ஷிட்டாக்கே காளானில் உள்ள குவனிலேற் என்ற மூன்றாவது பொருளையும் இந்த வரிசையில் சேர்த்தார்.

குனினாக்கா கண்ட இன்னொன்று அதைவிடப் பெரியது. குளூட்டமேற்றும் இனோசினேற்றும் சேர்ந்தால் சுவை கூடுவது கூட்டல் கணக்கில் இல்லை, பெருக்கல் கணக்கில். இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால், அதே அளவு குளூட்டமேற் தனியாகத் தருவதைப்போல ஏழெட்டு மடங்கு அழுத்தமான சுவை வரும். ஏன் என்பதற்கு விடை கிடைக்க நெடுங்காலம் ஆனது. நாக்கில் இந்தச் சுவையைப் பிடிக்கும் புரதம் 2002 இல் அடையாளம் காணப்பட்டது. அது வேலை செய்யும் விதம் 2008 இல் விளங்கியது. அந்தப் புரதத்தின் வெளிப்பாகம் சிப்பியைப் போன்றது. உள்ளே மூட்டுக்குப் பக்கத்தில் குளூட்டமேற் வந்து உட்கார்ந்ததும் ஓடுகள் மூடிக்கொள்ளும். மூளைக்குச் செய்தி போகும். தனியே விட்டால் சிப்பி சீக்கிரம் திறந்துவிடும். இனோசினேற் வாயோரத்தில் ஒட்டி, மூடிய ஓடுகளைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் செய்தி நீண்டும் வலுத்தும் போகிறது.

இப்போது நம் சம்பலைப் பாருங்கள். பழுத்த தக்காளியில் 100 கிராமுக்கு 150 முதல் 250 மில்லிகிராம் வரை கட்டற்ற குளூட்டமேற் உண்டு. மாசியில் இனோசினேற் உண்டு. தக்காளியும் மாசியும் போட்ட சம்பலை வைத்துக்கொண்டு ஒருவர் இன்னும் ஒரு பிடி சோறு கேட்கிறார் என்றால், தாஷிக்குள் நடக்கும் அதே பெருக்கல் அவர் நாக்கில் நடக்கிறது. ஜப்பானியர் பாசியும் மீனும் சேர்த்தார்கள், நாம் தக்காளியும் மீனும் சேர்த்தோம். சூத்திரம் ஒன்று.

அஜினோமோட்டோ பற்றிய பயத்தையும் இந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். 1968 இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றுக்கு ஒரு மருத்துவர் எழுதிய கடிதத்திலிருந்து கிளம்பியது அது. தருவது எது என்று கொடுப்பவருக்கும் உண்பவருக்கும் தெரியாதபடி பின்னர் நடத்திய சோதனைகளில், சாதாரணமாக உணவோடு உண்ணும் அளவில் திரும்பத் திரும்ப வரும் கெடுதி எதுவும் உறுதிப்படவில்லை. தக்காளியின் குளூட்டமேற்றையும் பாக்கெட்டின் குளூட்டமேற்றையும் உடம்பு வேறுபடுத்துவதில்லை. தாய்ப்பாலிலும் அது தாராளமாக இருக்கிறது. சமையலுப்பில் எடைக்கு 39 வீதம் சோடியம். அஜினோமோட்டோவில் 12 வீதம்தான். கவலைப்பட வேண்டியது கொத்துக் கடையில் அதோடு சேர்த்துக் கொட்டும் உப்பையும் எண்ணெயையும் பற்றித்தான்.

பச்சை மீனும் கடிகாரமும்

இனி முதல் கேள்வி. பச்சை மீன் பிரச்சினை வெறும் அருவருப்புச் சங்கதி இல்லை. அது நேரமும் குளிரும் சேர்ந்த கணக்கு.

உயிருள்ள மீனின் தசை ஏ.டி.பி. என்ற மூலக்கூறால் இயங்குகிறது. மீன் செத்ததும் புதிய ஏ.டி.பி. உண்டாவது நின்றுவிடும். இருப்பது படிப்படியாகச் சிதைந்து இனோசினேற்றாக மாறும். அதாவது, பிடிபட்ட கொஞ்ச நேரத்தில் மீனின் ருசி கூடவே செய்கிறது. பிறகு நொதியங்கள் இனோசினேற்றையும் உடைத்து இனோசினாக்கி, கடைசியில் கசப்பான ஹைப்போசாந்தினில் கொண்டுபோய் விடும். 1959 இல் சாய்தோ என்ற ஜப்பானிய ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் இந்தச் சிதைவை ஓர் எண்ணாக்கினார்கள். கடைசி இரண்டு பொருளும் மொத்தத்தில் எத்தனை வீதம் என்பதே கே மதிப்பு. அது 20 வீதத்துக்குள் இருந்தால் பச்சையாக உண்ணும் தரம். மேலே போனால் சமைத்துத்தான் தின்ன வேண்டும். மாசி செய்பவர்கள் மீனைச் சீக்கிரம் அவிப்பதன் பயனும் இங்கேதான் தெரிகிறது: கொதிநீர் அந்த நொதியங்களை அழித்துவிடுவதால் இனோசினேற் சிதையாமல் நின்றுவிடுகிறது.

சூரை இனங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மற்ற மீன்களைப்போல அவை கடலின் சூட்டிலேயே உடம்பை வைத்திருப்பதில்லை. தசையில் பிறக்கும் வெப்பத்தை இரத்தக் குழாய்களின் பின்னல் ஒன்று உள்ளேயே திருப்பிவிடுகிறது. தூண்டிலில் நெடுநேரம் போராடிய கெலவல்லா என்ற சூரையின் தசை கடல்நீரைவிடச் சூடாகி, அமிலம் கூடி, இறைச்சி வெளிறி, வெந்ததுபோலக் கலங்கிவிடும். ஜப்பான் சந்தையில் அந்த மீனின் விலை விழுந்துவிடும். அதனால்தான் பிடித்த கையோடு மூளையில் குத்திக் கொன்று, இரத்தம் வடித்து, ஐஸில் புதைக்கும் முறையை அவர்கள் பழகினார்கள். செவுள் வலையில் மாட்டி இரவெல்லாம் செத்துக் கிடந்த மீன் எத்தனை பெரியதானாலும் அந்தத் தரத்துக்கு வராது. பல நாள் கடலில் நிற்கும் படகுகளுக்கு வலையின் நீளத்தைவிட ஐஸின் அளவே முக்கியம் என்று சொல்வது இதனால்தான்.

குளிர் தவறினால் ருசி மட்டும் போவதில்லை. சூரைத் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் வெயிலில் கிடந்தால் பற்றீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். தின்ற சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை இடிப்பது அதனால்தான். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் நினைப்பதில் ஒரு பங்கு உண்மையில் இந்த நஞ்சு. கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. குழம்பாக்கி உண்பவருக்கும் ஐஸ் அத்தனை அவசியம்.

ஒட்டுண்ணிப் புழுவுக்கு மருந்தும் குளிர்தான். பச்சையாகப் பரிமாறும் மீனை சைபருக்குக் கீழே 20 பாகை செல்சியஸில் 7 நாள் உறையவைக்கும்படி அமெரிக்க உணவு அதிகாரசபை சொல்கிறது. பெரிய சூரை இனங்களில் அந்த அபாயம் குறைவென்று அவற்றுக்கு விலக்குத் தருகிறது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைதட்டு அந்தக் குளிரைப் பிடிக்கும், பிடித்து நிற்கும் என்று நம்பிவிட முடியாது. ஆகவே சந்தையில் வாங்கிய மீனை வீட்டில் சுஷியாக்கிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வேண்டாம்.

மூக்கில் ஏறும் காரம், கோப்பையில் எஞ்சும் அற்ககோல்

சுஷியோடு வரும் பச்சை நிற வசாபியைக் கொஞ்சம் நாக்கில் வைத்தால் நாக்கு தப்பிவிடும், மூக்கு எரியும். கொச்சிக்காய் அப்படி இல்லை. கொச்சிக்காயின் கப்சைசின் காற்றில் பறக்காது. அது படும் இடத்தில் வெப்பத்தை உணரும் நரம்பு வாயிலைத் திறந்து, வாய் வெந்துவிட்டதாக மூளையை நம்பவைக்கிறது. அந்த வாயிலை 1997 இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021 இல் நோபல் பரிசு கிடைத்தது. வசாபியின் அலைல் ஐசோதயோசயனேற் லேசில் ஆவியாகி மூக்கின் பின்பக்கமாக ஏறி, வேறொரு வாயிலைத் தட்டுகிறது. ஏறிய வேகத்தில் இறங்கியும் விடும். இது நமக்குப் புதிதில்லை: அரைத்த கடுகிலும் இருப்பது இதே பொருள்தான். கடுகு தூக்கலான அச்சாறு சாப்பிட்டுக் கண்ணில் நீர் கோத்தவர்களுக்கு வசாபியை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இனி ஹலால் கேள்வி. ஜப்பானியச் சமையலில் சாக்கே என்ற அரிசி மதுவும், மிரின் என்ற இனிப்பு மதுவும் சாதாரணமாக ஊற்றுவார்கள். மிரினில் அற்ககோல் 14 வீதம் அளவுக்கு இருக்கும். "அடுப்பில் வைத்தால் ஆவியாகிப் போய்விடும்" என்று சமையற்காரர்கள் சமாதானம் சொல்வதுண்டு. அமெரிக்காவில் 1992 இல் வெளியான அளவீடுகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. குழம்போடு கலந்து 15 நிமிடம் கொதித்தபின்னும் ஊற்றியதில் 40 வீதம் எஞ்சியிருந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பின் 25 வீதம். இரண்டரை மணி நேரத்துக்குப் பின்னும் 5 வீதம். தீ மூட்டிக் காட்டும் வித்தையில் முக்கால் பங்கு அப்படியே இருக்கும். நீரும் அற்ககோலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சேர்ந்தே ஆவியாவதுதான் காரணம். இயற்கையாகப் புளிக்கவைத்த சோயா சோஸில் 2 வீதம் அளவில் தானாக உண்டாகும் அற்ககோலும் உண்டு. எது கூடும், எது கூடாது என்பது உலமாக்களின் தீர்ப்பு. எவ்வளவு எஞ்சும் என்பதை மட்டும் வேதியியல் சொல்லும். இன்று ஹலால் சான்றிதழ் பெற்ற சோயா சோஸும், அற்ககோல் இல்லாத மிரின் மாற்றுகளும் ஜப்பானிலேயே தயாராகின்றன. கேட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பிடுவது வெட்கத்துக்குரிய காரியமே இல்லை.

காதுக்குள் ஓடும் சுவை நரம்பு

யாரும் கேட்காத மூன்றாவது கேள்விக்கு வருவோம்.

நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து சுவையைக் கொண்டுபோகும் நரம்புக்கு ஒரு விசித்திரமான பாதை உண்டு. நாக்கிலிருந்து நேரே மூளைக்குப் போகாமல், அது நடுக்காதுக்குள் நுழைந்து, செவிப்பறையை ஒட்டி, சுத்தி எலும்புக்கும் பட்டடை எலும்புக்கும் இடையால் ஓடுகிறது. காதில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சிலர், சில மாதங்களுக்கு வாயில் இரும்புச் சுவை அடிப்பதாகச் சொல்வது இந்த நரம்பு சீண்டப்படுவதால்தான். உடற்கூற்றியல் படித்த எவருக்கும் இது பழைய செய்தி. பெரிய சத்தம் அந்தப் பறையை உலுக்கும்போது சுவையும் மாறுமா என்பதுதான் புதிய கேள்வி.

2015 இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். விமானத்துக்குள் கேட்பதைப்போன்ற 85 டெசிபெல் இரைச்சலைக் காதில் ஒலிக்கவிட்டு, ஐந்து சுவைகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். இனிப்பு மங்கியது. உப்பும் புளிப்பும் கசப்பும் பெரிதாக மாறவில்லை. உமாமி மட்டும் தூக்கலாகத் தெரிந்தது. கட்டாருக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போகும் நம் ஊர்க்காரர் விமானத்துச் சாப்பாட்டில் இனிப்பு சப்பென்று இருப்பதாகச் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. விமானத்தில் தக்காளிச் சாறு பலருக்குப் பிடித்துப்போவதற்கும் ஒரு காரணம் இதுவாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். விமான அறையின் குறைந்த காற்றழுத்தமும் வறட்சியும் வாசனையைக் குறைப்பது வேறு கணக்கு. சத்தம் அந்த நரம்பு வழியாகத்தான் சுவையை மாற்றுகிறதா, இல்லை மூளையில் கவனம் சிதறுவதாலா என்பது இன்னும் தீர்ந்த வழக்கல்ல. ஆனாலும் ஒரு பொருத்தம் கண்ணில் படாமல் போகாது: இசை ஒலிக்கும் ஜப்பானிய உணவகத்தில் எந்தச் சுவையை நம்பிச் சமைக்கிறார்களோ, அதுவே இரைச்சலுக்குப் பணியாத சுவையும்.

சத்தத்தின் அளவு மட்டுமில்லாமல் அதன் குணமும் வேலை செய்கிறது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் சார்ள்ஸ் ஸ்பென்ஸ் இந்தத் துறையில் அதிகம் உழைத்தவர். 2004 இல் அவரும் சம்பினியும் வெளியிட்ட சோதனையில், உருளைக்கிழங்குச் சிப்ஸைக் கடிக்கும் ஒலியை ஒலிவாங்கியில் பிடித்து, அதன் உச்ச அதிர்வுகளைக் கூட்டி, கடிப்பவரின் காதுக்கே திருப்பி அனுப்பினார்கள். அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாகச் சாப்பிட்டவர்கள் சொன்னார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குரிய இக் நோபல் பரிசு 2008 இல் அதற்குக் கிடைத்தது. முறுக்கு நமுத்துவிட்டது என்று நாம் தீர்ப்புச் சொல்வதில் பாதி வேலை காதுடையது. 2012 இல் அவருடைய குழு, ஒரே டாஃபியை இரண்டு விதமான இசையோடு கொடுத்துப் பார்த்தது. தாழ்ந்த சுருதி இசையோடு தின்றபோது கசப்பும், உயர்ந்த சுருதியோடு தின்றபோது இனிப்பும் கொஞ்சம் முன்வந்தன. கொஞ்சம்தான், இசையை நம்பிச் சீனியைக் கைவிட முடியாது.

ஜப்பானிய உணவகங்களில் வழமையாக ஒலிப்பவை 13 நரம்புகள் கொண்ட கோட்டோவும், மூன்று நரம்புகள் கொண்ட ஷமிசெனும், மூங்கில் குழலான ஷக்குஹச்சியும். பல பாட்டுகள் நம் மோகனத்தின் சுரங்களையே ஒத்த ஐந்து சுரங்களில் நகர்பவை. கோட்டோவில் மீட்டிய ஒலி சட்டென்று எழுந்து மெல்லத் தேயும். இரண்டு சுரங்களுக்கு நடுவே பேச்சுக்கு இடம் கிடைக்கும். மேசையில் இருப்பவர்கள் குரலை உயர்த்த வேண்டியதில்லை.

நம் பக்கத்துக்கும் இசை புதிதில்லை. கல்யாணத்துப் பொல்லடியும், றபானும், பெண்கள் விடும் குரவையும், வாத்தியமே இல்லாமல் பாடும் நாட்டார் கவியும் இந்த மண்ணுடையவை. சாப்பிடும் இடத்தில் வாத்தியம் வேண்டாம் என்பவர்களும் இங்கே உண்டு. அது அவர்களுடைய தெரிவு. அவர்களுக்கும் இந்த அறிவியல் பொருந்தும். மின்விசிறியும் ஜெனரேட்டரும் தெருவிலிருந்து நுழையும் ஹோர்ன் சத்தமும் காதுக்கு ஒலிதானே.

கொத்துக் கல்லின் தாளம்

ஜப்பானில் சமையலே இசையாகும் ஓர் உணவு உண்டு: தெப்பன்யாக்கி. வாடிக்கையாளர் முன்னால் பெரிய இரும்புக் கல்லைச் சூடாக்கி, இரண்டு கரண்டிகளைத் தட்டித் தட்டி இறைச்சியையும் காய்கறியையும் வாட்டுவார்கள். அதை ஓர் உணவகப் பாணியாக்கியது 1945 இல் கோபே நகரில் தொடங்கிய மிசோனோ. 1964 இல் ரொக்கி அயோக்கி நியூயோர்க்கில் திறந்த பெனிஹானா அதையே வித்தையாக்கி உலகத்துக்கு விற்றது.

இரும்புக் கல், இரண்டு தகடு, எதிரே பசியோடு ஆள். கல்முனைப் பிரதான வீதியில் மஃரிபுக்குப் பிறகு நடந்தால் இந்தக் கச்சேரிக்குக் கட்டணமே இல்லை. கொத்து ரொட்டியின் பிறப்பிடம் கிழக்குத்தான் என்று நம்மவர்கள் உரிமை கொண்டாடுவதுண்டு. அந்தத் தட்டல் தெருமுனை வரை கேட்பதற்குக் காரணம் நம் காதின் வடிவம். காதுத் துவாரம் ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் நீளமான, ஒரு பக்கம் மூடிய குழாய். அந்த நீளக் குழாயில் ஒத்ததிர்வு 3,400 ஹேர்ட்ஸ் பக்கத்தில் நிகழும். அந்த எல்லையிலுள்ள ஒலியை நம் காது தானே பெருக்கிக்கொள்ளும். இரும்பில் இரும்பு மோதும்போது கிளம்பும் ஒலியில் பெரும்பங்கு இந்த எல்லையில்தான் விழுகிறது. வாகன இரைச்சலின் தாழ்ந்த அதிர்வுகளைத் தாண்டிக் கொத்துச் சத்தம் தனியே கேட்பது அதனால்தான். பெயர்ப்பலகை கண்ணில் படுமுன்பே கடை நம்மைக் கூப்பிட்டுவிடுகிறது.

ஆனால் கூப்பிடும் சத்தம் வேறு, உட்காரவைக்கும் சத்தம் வேறு. 1986 இல் அமெரிக்காவின் டல்லஸ் பகுதி உணவகம் ஒன்றில் மில்லிமன் செய்த ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. வேகமான இசை ஒலித்த இரவுகளில் வாடிக்கையாளர்கள் சராசரியாக 45 நிமிடத்தில் எழுந்தார்கள். மெதுவான இசை ஒலித்தபோது 56 நிமிடம் இருந்தார்கள். உணவுச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. பானங்களுக்குச் செய்த செலவுதான் கூடியது. 2019 இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஸ்டொக்ஹோம் நகரச் சிற்றுண்டிச்சாலையில் இசையை ஒரு நேரம் 55 டெசிபெல்லிலும் ஒரு நேரம் 70 டெசிபெல்லிலும் ஒலிக்கவிட்டார்கள். சத்தம் கூடியபோது உடம்புக்கு ஆகாத பண்டங்களைக் கேட்டவர்கள் கூடினார்கள். நாடியை முடுக்கும் சத்தம் நிதானத்தைக் குறைக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

மண்டபம்தான் எதிரி

நம் ஊர் ஹோட்டல்களில் பேச்சுக் கேட்காமல் போவதற்கு இசையைவிடச் சுவர்தான் காரணம். தரை டைல்ஸ், சுவரில் பாதி டைல்ஸ், முகப்புக் கண்ணாடி, மேலே கொங்கிறீற். துடைக்க வசதி, ஒலிக்கோ போக்கிடம் இல்லை. ஹார்வர்டின் வாலஸ் சபைன் 1890களின் கடைசியில் கண்ட சூத்திரத்தால் இதை அளக்கலாம். மண்டபத்தின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒரு சத்தம் அடங்க எத்தனை செக்கன் ஆகும் என்பது தெரியும்.

10 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரமான ஒரு கடையை எடுப்போம். கன அளவு 240. எல்லாப் பரப்பும் சேர்ந்து 268 சதுர மீற்றர். டைல்ஸும் சீமெந்தும் அதில் 3 வீதத்தையே உறிஞ்சும் என்றால் உறிஞ்சும் பரப்பு வெறும் 8. விடை கிட்டத்தட்ட 5 செக்கன். பள்ளிவாசல் மண்டபத்துக்கு அது கம்பீரம் தரலாம், சாப்பாட்டுக் கடைக்குத் தொல்லை. 40 பேர் வந்து உட்கார்ந்தால் அவர்களுடைய உடுப்பும் உடம்பும் கொஞ்சம் உறிஞ்சி, அது ஒன்றரை செக்கனாகும். ஆனால் அந்த 40 பேரும் பேசுகிறார்களே! சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார்கள் என்று பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்ட் 1911 இல் காட்டினார். ஒரு மேசை குரலை உயர்த்தினால் அடுத்த மேசையும் உயர்த்தும். அதற்கு மேலே கேட்கட்டும் என்று முதலாளி ஸ்பீக்கரைக் கூட்டினால், தொடங்கிய இடத்துக்கு யாரும் திரும்ப முடியாது. அதே கடையின் கூரைக்கு ஒலியை 70 வீதம் உறிஞ்சும் தகடு அடித்தால், ஆட்கள் இருக்கும்போது எதிரொலி அரைச் செக்கனில் அடங்கிவிடும்.

பொத்துவில் அறுகம்பைக் கடற்கரை விடுதிகளில் பருவ காலத்து இசை இரவுகள் காதை அவ்வளவு உறுத்தாமல் இருப்பதற்கும் இதே கணக்குத்தான் காரணம். வெளியில் கூரையும் சுவரும் இல்லை; போன ஒலி திரும்புவதில்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒலி 6 டெசிபெல் குறையும். ஆகவே ஒரு மூலையில் பெரிய ஸ்பீக்கர் ஒன்றை வைத்து முன்மேசைக்காரரைச் செவிடாக்குவதைவிட, சின்ன ஸ்பீக்கர் நாலைந்தைப் பரவலாக, மெல்லிய சத்தத்தில் வைப்பது எல்லா மேசைக்கும் நல்லது. பேசும் குரல் ஒரு மீற்றர் தூரத்தில் 60 டெசிபெல் அளவில் இருக்கும். பின்னணி இசை அதற்குக் கீழே நின்றால் போதும். கடையில் வேலை செய்பவர்களுக்கு இது வெறும் வசதிப் பிரச்சினையும் இல்லை. 85 டெசிபெல்லில் 8 மணி நேரத்துக்கு மேல் தினமும் நின்றால் கேட்கும் திறன் கெடும் என்பது தொழில் சுகாதார வரம்பு. 3 டெசிபெல் கூடும் ஒவ்வொரு முறையும் அந்த நேரம் பாதியாகும்.

கல்முனையில் நாளை ஒருவர் ஜப்பானியப் பாணியில் உணவகம் திறக்க நினைத்தால், மீனும் மாசியும் தாளமும் அவருக்கு இங்கேயே கிடைக்கும். முதலில் செலவழிக்க வேண்டியது அலங்கார விளக்குக்கு அல்ல: படகிலிருந்து மேசை வரை அறாத ஐஸுக்கும், ஒலியை விழுங்கும் கூரைக்கும். வாடிக்கையாளராகப் போகும் நமக்கும் இரண்டு வேலை உண்டு. மீன் எப்போது வந்தது, எதில் வைத்திருந்தார்கள் என்று கேட்போம். பாட்டுச் சத்தம் பேச்சை மூடினால் குறைக்கச் சொல்வோம். கேட்கும் வாடிக்கையாளர் இருக்கும் ஊரில்தான் நல்ல கடை நிலைக்கும்.